அரை மில்லி கோணல்

பைக் ஓட்டுகிறவரா நீங்கள்? அப்படியென்றால் ஒரு கேள்வி. பின் பிரேக்கை மெதுவாக மிதிக்கும்போது, பெடல் உங்கள் பாதத்தைத் திருப்பித் தட்டுகிறதா? 'தட்… தட்… தட்…' என்று? வேகம் குறையக் குறைய அந்தத் தட்டலும் நிதானமாகி, வண்டி நிற்கும்போது அதுவும் நின்றுவிடுகிறதா? 'அட, அது ரொம்ப நாளாவே அப்படித்தாங்க' என்று சொல்கிறவர்கள் இந்த வாரம் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பைக் இல்லாதவர்களும் படிக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் ஓட்டிக்கொண்டுதானே இருப்பார்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போயிருப்பீர்கள். மரக்காணம் நெருங்கும்போது காட்சி சட்டென்று மாறும். தோப்புகளும் விளம்பரப் பலகைகளும் விலகி, பாத்தி பாத்தியாக உப்பளம் விரியும். கோடையில் வரப்போரம் வெள்ளை வெள்ளையாக அம்பாரங்கள். காரை ஓரங்கட்டி போட்டோ எடுக்காமல் போக மனசு வராது. அழகுதான். ஆனால், அந்த உப்பு பாத்தியில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கிறது என்பதை, தினமும் அந்த வழியாக பைக்கில் போகிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

என் மச்சினன் அப்படிப் போகிறவன். திண்டிவனத்தில் வீடு. மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்காகக் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்கிற வேலை. வாரத்தில் ஐந்து நாள் மரக்காணம், கூனிமேடு, காலாப்பட்டு என்று சுற்றுவான். இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியை ஆசை ஆசையாக வாங்கினான். ஒரு வருடம்கூட ஆகவில்லை, பின் பிரேக் பெடல் தட்ட ஆரம்பித்தது. சர்வீஸுக்கு விட்டான். "டிஸ்க் வளைஞ்சிருச்சு சார், மாத்தணும்" என்றார்கள். மாற்றினான். நாலு மாதம் நன்றாக ஓடியது. மறுபடி தட்டல். மறுபடி புது டிஸ்க். மூன்றாவது முறை தட்டியபோது பயலுக்கு வெறுத்துவிட்டது.

"பின் பிரேக்கைத் தொடுறதையே விட்டுட்டேன் மாமா. முன் பிரேக் ஒண்ணே போதும்" என்றான்.

போதவில்லை. ஒருநாள் சாயந்திரம் ஒரு வளைவில் காற்று மணலை வாரித் தார்ச் சாலைமேல் போட்டிருந்தது. குறுக்கே ஒரு நாய். இவன் பழக்கப்படி முன் பிரேக்கை மட்டும் பிடிக்க, மணலில் முன் சக்கரம் வழுக்கி, ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பித்தது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கேட்டார்: "அந்த டிஸ்க்குனா இன்னாங்க மாப்ளே? ரெண்டு தடவ மாத்தியும் ஏன் வளையுது?"

நல்ல கேள்வி. பணம் வாங்கிக்கொண்டு டிஸ்க் மாற்றியவர்கள் தங்களையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

விழுந்த வண்டியை யாரோ நல்லவர்கள் மரக்காணத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். எடுத்துவரப் போன இடத்தில்தான் அதற்குப் பதில் கிடைத்தது. மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வயது இருக்கும். அப்பா, அம்மா இருவரும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். கதையைச் சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லாமல் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கடிகாரம் மாதிரி ஒரு கருவியை டிஸ்க்கின் விளிம்பில் முட்டுக்கொடுத்து வைத்துச் சக்கரத்தை விரலால் சுற்றினார். டயல் கேஜ். முள் போய்ப் போய் வந்தது.

"அரை மில்லி கோணல் சார்."

"அரை மில்லிமீட்டர்தானா?" என்றேன்.

"தானாவா? வண்டி அறுபதுல போறப்ப சக்கரம் செகண்டுக்கு எட்டு சுத்துக்கு மேல சுத்துது. ஒவ்வொரு சுத்துக்கும் இது ஒரு தட்டு தட்டும்."

எத்தனை கோணல்வரை பொறுக்கலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் கையேடுகளில் பரவலாகக் காணப்படும் எல்லை 0.3 மில்லிமீட்டர். நான்கைந்து போஸ்ட் கார்டை அடுக்கினால் அதைவிடத் தடிமனாக இருக்கும்!

டிஸ்க் பிரேக் புதிய சங்கதி இல்லை. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் காருக்காக 1902-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பெருமளவில் தயாரான மோட்டார் சைக்கிளில் அதைக் கொண்டுவந்து பிரபலமாக்கியது 1969-ல் வந்த ஹோண்டா சிபி 750. நம்மூரில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் இருந்தாலே தெருவே வேடிக்கை பார்த்த காலம் ஒன்று உண்டு. 2007-ல் பல்சர் 220 வந்தபோது பின்னாலும் டிஸ்க் என்பது பெரிய பேச்சு. இன்று அது சர்வ சாதாரணம்.

பிரேக் என்றால் என்ன? வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி, அவ்வளவுதான். நீங்களும் வண்டியும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒருமுறை நின்றால் 50,000 ஜூல் சக்தி சூடாகிறது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். சட்டென்று பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால் இதில் பெரும் பங்கை முன் டிஸ்க் வாங்கிக்கொள்ளும். பின் டிஸ்க்குக்கு வருவது சின்னப் பங்கு. அப்படியானால் பின் டிஸ்க் ஏன் வளைய வேண்டும்?

அங்கேதான் சூட்சுமம். நாம் தெரிந்து பிடிக்கிற பிரேக் பின் டிஸ்க்கை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. பிடிக்கிறோம் என்று தெரியாமலே பிடித்துக்கொண்டிருக்கிற பிரேக்தான் கெடுக்கிறது.

சிலருக்கு வலது பாதத்தை எப்போதும் பெடல் மேலேயே வைத்து ஓட்டும் பழக்கம். பேட் டிஸ்க்கை லேசாகத் தேய்த்தபடியே போகும். டயரில் வெறும் இரண்டு கிலோ அளவுக்கு இழுவை இருந்தால்கூட, 72 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 400 வாட். வீட்டு இஸ்திரிப்பெட்டியின் சக்தியில் பாதி! அதை டிஸ்க்கில் ஒட்டவைத்து, அரைமணி நேரம் ஸ்விட்சை அணைக்காமல் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஓட்டுகிறவரைப் பின்னால் வருகிறவர் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். பிரேக் லைட் அணையவே அணையாது.

சூடானால் உலோகம் விரியும். 240 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு டிஸ்க் 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு விரியப் பார்க்கும். ஆனால், விளிம்புதான் சூடாகிறது. நடுவே போல்ட் போட்டு இறுக்கிய பாகம் சில்லென்று இருக்கிறது. 'நான் விரியணும்' என்கிறது வெளி வளையம். 'நகர மாட்டேன்' என்கிறது உள் வளையம். இழுபறி முற்றினால் தட்டு நெளிகிறது. அடுப்பில் காயவைத்த அலுமினியத் தட்டு நெளியுமே, அதே கதை. விலை உயர்ந்த வண்டிகளில் டிஸ்க்கை இரண்டு வளையங்களாகச் செய்து நடுவே அசைந்துகொடுக்கும் ரிவெட் போடுவது, இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான்.

"உங்காளு பெடல்ல காலு வைக்கிற ஆளா?" என்றார் மெக்கானிக்.

"கடைசி மூணு மாசமா அவன் பின் பிரேக்கைத் தொட்டதே இல்லையே!"

"அப்ப இங்க பாருங்க" என்று காலிப்பரைக் கழற்றினார்.

காலிப்பர் என்பது டிஸ்க்கைக் கவ்வுகிற கவ்வி. பல வண்டிகளில் பின்னால் ஒரே ஒரு பிஸ்டன்தான் இருக்கும். அது ஒரு பக்கத்து பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் இரண்டு பின்கள் மேல் வழுக்கி நகர்ந்து, மறுபக்கத்து பேடை இழுத்து அழுத்தும். ஆக, இரண்டு பின்னும் வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும். இதில் ஒன்று வழுக்கியது. மற்றொன்றை அவர் சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுத்தார். அதை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்திருந்தது. பின்மேல் வெள்ளையாக, பொருக்குத் தட்டி, ஊறுகாய் ஜாடி மூடியில் பூப்பதுபோல ஏதோ பூத்திருந்தது.

பின் இறுகிவிட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கத்து பேட் மட்டும் டிஸ்க்கைத் தள்ளும். காலை எடுத்த பிறகும் பேட் முழுசாக விலகாது. ஓட்டுகிறவர் பிரேக்கைத் தொடவே இல்லை. ஆனால், டிஸ்க் நாள் முழுக்கத் தேய்ந்து சூடாகிக்கொண்டிருக்கும். அந்த டிஸ்க்கின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்ததைக் காட்டினார். எஃகு நீலமாகிறது என்றால் 300 டிகிரிக்கும் மேலே சூட்டைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து டிஸ்க்கையே கழற்றினார். அது உட்காரும் ஹப்பின் முகத்தில், ஒரு ஓரமாகத் துரு. தூசிபோல மெல்லிசாக. "பழச எடுத்துட்டு, இதத் தொடைக்காமயே புதுச முடுக்கிருக்காங்க. ரெண்டு வாட்டியும்."

இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போல்ட்டுகள் இருக்கும் வட்டம் சுமார் 70 மில்லிமீட்டர் விட்டம். அதில் ஒரு ஓரத்தில் 0.1 மில்லிமீட்டர் துரு தூக்கிக்கொடுத்தால், 240 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிஸ்க்கின் விளிம்பில் அது 0.3-ஐத் தாண்டிவிடும். புத்தம்புது டிஸ்க், மாட்டிய முதல் நாளே எல்லையில் நிற்கிறது! போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சீராக இறுக்காமல், ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக முடுக்கிக்கொண்டே போனாலும் இதே கோளாறுதான்.

"எல்லாம் உப்புக் காத்தாலயா?" என்று கேட்டேன்.

"உப்பு மேலேர்ந்து தின்னாது சார். மேல பட்டது மழையில போயிரும். மூடி வெச்ச எடத்துல பூந்துக்கும். அங்க உக்காந்துதான் தின்னும்."

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. உப்புக்கு ஒரு குணம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் ராத்திரியெல்லாம் அந்த ஈரம் உண்டு. எனவே, காலிப்பரின் இடுக்கில் புகுந்த உப்புத்தூள் இரவில் உப்புநீராகிறது. பகல் வெயிலில், டிஸ்க்கின் சூட்டில், சுண்டிக் கெட்டியாகிறது. மறுநாள் மறுபடி. கடல்நீரில் உப்பு மூன்றரை சதவீதம்தான். பாத்தியில் சுண்டச் சுண்டத்தான் அது பூக்கிறது. அதாவது, மச்சினனின் பின் சக்கரத்துக்குள்ளே ஒரு சின்ன உப்பளம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இந்தப் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. உப்பளங்களும் மூழ்கின. அதற்குப் பிறகு ஷெட்டுக்கு வந்த வண்டிகளைப் பற்றி மெக்கானிக் நிறையச் சொன்னார். "வெளியில தொடச்சிப் பளபளன்னு கொண்டாருவாங்க. நாம இண்டு இடுக்கத் தொறந்து பாத்தாதான் தெரியும்."

சொல்லும்போது அவர் அம்மாவின் பேச்சு வந்தது. உப்பளத்தில் வெறுங்காலோடு நின்று நின்று பாதம் வெடித்திருக்குமாம். வேலை இல்லாத மழைக்காலத்தில் மேல்தோல் மூடிக்கொள்ளும். சரியாகிவிட்டது என்று தோன்றும். தை, மாசியில் மறுபடி பாத்தியில் இறங்கும்போதுதான், உள்ளே வெடிப்பு அப்படியே இருந்தது தெரியுமாம். வேறொன்றும் சொல்லாமல் ஹப்பின் துருவைத் தேய்க்க ஆரம்பித்தார். கையில் உப்புத்தாள். அந்தக் காகிதத்துக்கு யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ!

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெடல் தட்டுவதெல்லாம் டிஸ்க் வளைவு இல்லை. பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டாலும் தட்டும். டிஸ்க் ஒரு இடத்தில் மெலிந்து, ஒரு இடத்தில் தடித்திருந்தாலும் தட்டும். வீல் பேரிங் ஆட்டம் கண்டிருந்தாலும் டிஸ்க் கோணலாகத்தான் சுற்றும். பின் சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் திடீரென்று மிதித்தால் பெடல் படபடக்கும்; அது நோய் இல்லை, ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது. 125 சிசி-க்கு மேற்பட்ட வண்டிகளில் 2018 ஏப்ரலிலிருந்து புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரலிலிருந்து எல்லா மாடல்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். மெதுவாக மிதிக்கும்போதே ஒரே தாளத்தில் தட்டினால்தான் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? வண்டி ஆறியிருக்கும்போது சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாக உரசும் சத்தம் சாதாரணம். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் 'ஷ்க்' என்று பிடித்து விட்டால் கோணல். சக்கரம் சுற்றவே முரண்டு பிடித்தால் காலிப்பர் இறுகியிருக்கிறது. பிரேக்கை அதிகம் பிடிக்காமல் பத்து கிலோமீட்டர் போய் நின்றபின், டிஸ்க்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 'சொய்ங்' என்று பொரிந்தால் நீங்கள் பிடிக்காத பிரேக்கை வேறு யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் போய்விடும்!

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை சில. பின்களைக் கழற்றித் துடைத்து பிரேக்குக்கென்றே உள்ள சிலிகான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும். பெடலுக்குக் கொஞ்சம் விளையாட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் கால் வைக்காமலே பிரேக் பிடிக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. டாட் 4 என்றால், புதிதில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி ஆகிவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது.

பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றிப் போடும்போது டிஸ்க் பக்கம் மேலே இருக்கட்டும். டிஸ்க் தரையில் கிடக்க, டயர்மேல் ஏறி நின்று மிதித்தால் அது எத்தனை நாளைக்கு நேராக இருக்கும்? நீளச் சவாரி முடித்த சூட்டோடு வாட்டர் வாஷுக்குள் விடாதீர்கள். கொதிக்கிற டிஸ்க்கின் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் பீய்ச்சினால் அது சீராகச் சுருங்காது. வளைந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கடலோரத்தில் ஓட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை, வண்டி ஆறிய பிறகு, நல்ல தண்ணீரால் காலிப்பரைச் சுற்றிக் கழுவினால் போதும்.

மச்சினன் வண்டிக்கு அன்று புது டிஸ்க் போட வேண்டியதாயிற்று. கூடவே பின் செட், ரப்பர் உறை, பிரேக் ஆயில். டிஸ்க்கை விட்டுவிட்டுப் பார்த்தால், மற்ற எல்லாம் சேர்ந்து அதன் விலையில் கால்வாசிகூட வரவில்லை. அந்தக் கால்வாசி வேலையை முதல் தடவையே யாராவது செய்திருந்தால், இரண்டாவது டிஸ்க்கும் வேண்டாம், ஆறு வாரக் கட்டும் வேண்டாம். பதினான்கு மாதங்கள் ஓடிவிட்டன. பெடல் தட்டவில்லை. மாமியார் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகனை விசாரிக்கிறார்: "பின்னாடி பிரேக்க மிதிக்கிறியாடா?"

உப்பும் வண்டியும் சேர்ந்த கதை நமக்குப் புதிதல்ல. சங்க காலத்து உமணர்கள் மாட்டுவண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் கடந்து ஊர் ஊராகப் போனவர்கள். அவர்கள் வண்டியின் அடியில் கூடுதலாக ஒரு அச்சு கட்டியிருப்பார்கள் என்கிறது ஒளவையாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்று. 'சேம அச்சு' என்று அதற்குப் பெயர். ஓடிக்கொண்டிருக்கிற அச்சு நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் பாரம் பெரிது, வழியில் என்ன நேருமோ, யாருக்குத் தெரியும் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

நாம் கூடுதலாக ஒரு டிஸ்க்கைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி குடித்த கையோடு, பின் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.